வீசை மெட்ரிக்கா? எது நவீன மெட்ரிக் அலகு என்று முடிவு செய்ய நான்கு வழிகள்

பர்மாவின் மோல்மீனில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி போன மாதம் என்னிடம் கேட்டான். "அண்ணே, கடைக்குப் புதுசா விலைப்பலகை எழுதப் போறேன். எல்லாத்தையும் மெட்ரிக்ல எழுதிடலாம்னு இருக்கேன். அப்ப வீசையைத் தூக்கிடணுமா? அதுவும் நூறு நூறாத்தானே பிரியுது, அதை மட்டும் ஏன் மெட்ரிக் இல்லைங்கிறாங்க?"

நல்ல கேள்வி. (வீசை என்பது பர்மாவில் இன்றைக்கும் புழங்கும் பழைய எடை அளவு.) சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதே வாரம் கோயில் ஞாயிறு வகுப்பில் பாடம் எடுக்கும் ஒரு அக்காவும் கேட்டார். "லிட்டர் எஸ்ஐ (பன்னாட்டு முறை) அலகு" என்று எழுதிய பையனுக்குத் தப்பு போட்டுவிட்டாராம், பையனின் அப்பா சண்டைக்கு வந்துவிட்டாராம், யார் சொல்வது சரி என்று தெரிய வேண்டுமாம். அப்புறம் உளுந்து ஏற்றுமதி செய்யும் ஒரு நண்பர், ஒப்பந்தத்தில் வெறும் "டன்" என்று எழுதினால் போதுமா என்றார். மூன்றும் வேறு வேறு கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில் ஒன்றுதான் இருக்கிறது: எதை மெட்ரிக் அலகு என்று கணக்கில் எடுப்பது?

பர்மாவில் இருந்துகொண்டு இதைப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். மெட்ரிக்குக்கு மாறாத நாடுகள் என்று அமெரிக்கா, லைபீரியா, பர்மா மூன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். மாறப் போகிறோம் என்று வணிக அமைச்சகம் 2013 அக்டோபரில் அறிவித்தது. ஆனால் ரங்கூனில் ஒரு நாள் வெளியே போய் வந்தால், பெட்ரோல் லிட்டரில், மாத்திரை மில்லிகிராமில், துணி கெஜத்தில், மனை அடியில், வெங்காயம் வீசையில், தங்கம் சத்தாவில் (வீசையில் நூறில் ஒரு பங்கு). கார் ஜப்பானிலிருந்து வந்தது, அதனால் கிலோமீட்டர் காட்டும். மண்டலே நெடுஞ்சாலைக் கல் மைல் காட்டும். இதில் பழகிவிட்டோம், சரி. ஆனால் பலகை எழுத, பாடம் நடத்த, ஒப்பந்தம் போட என்று வரும்போது ஒரு கோடு போட்டே ஆக வேண்டியிருக்கிறது.

முதலில், எதை வைத்து எடை போடுவது

நம் ஆட்கள் வழக்கமாக வைக்கும் மூன்று சோதனைகள் உண்டு. மூன்றும் தேறாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"பத்து, நூறாகப் பிரிந்தால் மெட்ரிக்." அப்படியானால் தம்பி சொல்வதுதான் சரி, பர்மிய வீசை 100 சத்தா, அதுவும் மெட்ரிக் ஆகிவிடும். மறுபக்கம் 60 நிமிடம் சேர்ந்த மணி நேரம் உலகத்தின் எந்த மெட்ரிக் ஆய்வுக்கூடத்திலும் உட்கார்ந்திருக்கிறது, யாரும் விரட்டவில்லை.

"கிலோவில் துல்லியமாகச் சொல்ல முடிந்தால் மெட்ரிக்." 1959-லிருந்து ஒரு பவுண்டு என்பது சரியாக 0.45359237 கிலோ, அதற்கு மேல் ஒரு புள்ளி கிடையாது. வீசை 3.6 பவுண்டு என்பதால் அதுவும் சரியாக 1.632932532 கிலோ. பவுண்டை மெட்ரிக் என்று சொல்ல ஆள் கிடைப்பாரா?

"பிரான்சிலிருந்து வந்தால் மெட்ரிக்." 1795 ஏப்ரலில் பிரெஞ்சுச் சட்டம் கொண்டுவந்த பெயர்களில் "ஆர்" என்ற நில அளவும் ஒன்று, 100 சதுர மீட்டர். அதன் நூறு மடங்கான ஹெக்டேர் இன்றைக்கும் பட்டியலில் இருக்கிறது, ஆர் இல்லை.

ஆக, நான் வைத்துக்கொண்ட கேள்விகள் வேறு. ஒன்று, இந்த அலகுக்கு இன்றைக்குக் காவல் யார், அதன் அளவு மாறினால் யார் எங்கே எழுதி வைப்பார்கள். இரண்டு, மற்ற அலகுகளோடு பெருக்கினால் வகுத்தால் நடுவில் வேண்டாத எண் முளைக்கிறதா. மூன்று, அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோரும் ஒரே அளவைத்தான் நினைப்பார்களா. நாலாவது கடைக்காரனுடையது: எதிரே நிற்கிறவருக்குப் புரியுமா, மாறுவதற்கு எவ்வளவு கையைக் கடிக்கும்.

முதல் வழி: எஸ்ஐ மட்டும், வேறு யாருக்கும் இடமில்லை

எஸ்ஐ என்பது பன்னாட்டு அலகு முறை. 1875 மே 20-இல் 17 நாடுகள் பாரிசில் கையெழுத்துப் போட்ட மீட்டர் உடன்படிக்கையிலிருந்து வரும் வரிசை இது. எஸ்ஐ என்ற பெயர் 1960-இல் பதினோராவது எடை அளவுப் பொது மாநாட்டில் வந்தது. அடிப்படை அலகு ஏழு: நொடி, மீட்டர், கிலோகிராம், ஆம்பியர், கெல்வின், மோல், கேண்டெலா. மோல் கடைசியாக வந்த பிள்ளை, 1971. இவற்றிலிருந்து பிறந்து தனிப்பெயர் பெற்ற வழி அலகுகள் 22, நியூட்டன், ஜூல், வாட், வோல்ட் என்று போகும். செல்சியஸும் அந்த 22-இல் ஒன்று, பலருக்கு இது தெரியாது. பிறகு கிலோ, மில்லி போன்ற முன்னொட்டுகள், 2022-இல் நாலு புதிதாகச் சேர்ந்து இப்போது 24.

காவல் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. நூற்றாண்டுக்கு மேலாக கிலோகிராம் என்றால் பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் பூட்டி வைத்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை. அதையும் அதன் நகல்களையும் எடுத்து ஒப்பிட்டபோது ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகியிருந்தன. எது கூடியது எது குறைந்தது என்று சொல்லவே வழியில்லை, ஏனென்றால் உருளைதான் கிலோ! கடைசியில் 2019 மே 20 முதல் உருளையை விட்டுவிட்டு, இயற்கையில் மாறாத ஓர் அளவான பிளாங்க் மாறிலியின் எண்ணை நிலையாக நிறுத்தி அதிலிருந்து கிலோவை எடுக்கிறார்கள். மீட்டர் அதற்கு முன்பே, 1983-இல், ஒளி ஒரு நொடியின் 299792458-இல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரமாகிவிட்டது. திருடவும் முடியாது, தேயவும் செய்யாது.

இரண்டாவது கேள்வியிலும் முழு மதிப்பெண். ஒரு கிலோகிராமை நொடிக்கு நொடி ஒரு மீட்டர் வேகம் கூட்டித் தள்ளினால் ஒரு நியூட்டன், ஒரு நியூட்டனில் ஒரு மீட்டர் நகர்த்தினால் ஒரு ஜூல், நொடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட். நடுவில் எந்த எண்ணும் வராது.

கையைக் கடிக்கும் இடம் எது என்றால், இந்த வழியில் லிட்டர் போய்விடும். மணி, நிமிடம், நாள் போய்விடும். டன்னுக்கு மெகாகிராம், ஹெக்டேருக்குச் சதுர ஹெக்டோமீட்டர். எண்ணெய் விற்கிறவன் "ஒரு கன டெசிமீட்டர் என்ன விலை" என்று பேச வேண்டும். மின்சார மீட்டரில் நாம் "யூனிட்" என்று சொல்லும் கிலோவாட் மணிகூடத் தேறாது, 3.6 மெகாஜூல் என்று எழுத வேண்டும். (இந்த 3.6 நம்மை விடவே விடாது. வீசை 3.6 பவுண்டு, யூனிட் 3.6 மெகாஜூல், நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் மணிக்கு 3.6 கிலோமீட்டர். மூன்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

இயற்பியல் கணக்குப் போடும்போது, தேர்வில் "எஸ்ஐ அலகைக் குறிப்பிடுக" என்ற கேள்வி வரும்போது இதுதான் சரியான வழி. ஞாயிறு வகுப்பு அக்கா தப்புப் போட்டது, இந்த அளவில், சரி. கனஅளவுக்கு எஸ்ஐ அலகு கனமீட்டர். ஆனால் பையனின் அப்பா பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அது அடுத்த வழியில் வருகிறது.

இரண்டாம் வழி: எஸ்ஐ, அதோடு அது வீட்டுக்குள் விட்ட விருந்தாளிகள்

பன்னாட்டு எடை அளவுப் பணியகம் ஒரு கையேடு வெளியிடுகிறது. எஸ்ஐ அலகுகளைச் சொல்லிவிட்டு, "இவை எஸ்ஐ இல்லை, ஆனால் எஸ்ஐயோடு சேர்த்துப் பயன்படுத்தலாம்" என்று தனியாக ஒரு பட்டியல் போடுகிறது. நிமிடம், மணி, நாள், கோணத்துக்குப் பாகை, ஹெக்டேர், லிட்டர், டன், டெசிபெல், அறிவியல்காரர்களுக்கு டால்டன், எலெக்ட்ரான்வோல்ட், வானியல் அலகு. கிட்டத்தட்ட அவ்வளவுதான், சின்னப் பட்டியல்.

நான் இந்த வழிக்காரன். முன்னமே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஒருதலைப்பட்சமாக எழுதினான் என்று சொல்லக்கூடாது.

என்ன நன்மை என்றால், காவல் என்ற கேள்விக்கு இங்கேயும் பதில் இருக்கிறது. லிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1901-இல் ஒரு கிலோ தண்ணீர் பிடிக்கும் இடம்தான் லிட்டர் என்று வரையறுத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் அது 1.000028 கன டெசிமீட்டர். அதாவது லிட்டரும் கன டெசிமீட்டரும் ஒன்றில்லை, மயிரிழை வித்தியாசம். 1964-இல் மாநாடு கூடி அந்த வரையறையை ரத்து செய்து, லிட்டர் என்பது கன டெசிமீட்டருக்கு இன்னொரு பெயர் மட்டுமே என்று முடித்தது. இப்படித் தப்பைத் திருத்திக்கொள்ள ஒரு சபை இருப்பதுதான் "நவீன" என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருள்.

ஆனால் இதிலும் சில கண்ணிகள் இருக்கின்றன, நம் ஊரில் முக்கியமாக இரண்டு.

டன். ஏற்றுமதி நண்பர் கேட்டது இதைத்தான். பழைய தலைமுறை வியாபாரிகள் டன் என்றால் 2240 பவுண்டு டன்னை நினைப்பார்கள், அது 1016 கிலோ, வீசையில் 622 சொச்சம். மெட்ரிக் டன் 1000 கிலோ, 612 வீசை சொச்சம். அமெரிக்க டன் 907 கிலோ. 20 டன் சரக்கில் பழைய டன்னுக்கும் மெட்ரிக் டன்னுக்கும் 320 கிலோ வித்தியாசம். வெறும் "டன்" என்று எழுதி யாராவது கையெழுத்துப் போட்டால் அவருக்கு உளுந்து வேண்டாம், வக்கீல்தான் வேண்டும். "மெட்ரிக் டன்" என்று எழுதுங்கள், அதற்குப் பக்கத்தில் கிலோவையும் எழுதுங்கள்.

இரண்டாவது எண்ணெய். நம் ஊரில் பாமாயில் வீசைக் கணக்கில் விற்கிறது, அதாவது எடை. புட்டியில் அடைத்து வருவது லிட்டர், அதாவது இடம். பலகையில் வீசையை அழித்து லிட்டர் எழுதுவது வெறும் அலகு மாற்றம் இல்லை, நீங்கள் விற்கும் விதமே மாறுகிறது. பாமாயில் ஒரு லிட்டர் ஏறக்குறைய 0.91 கிலோதான் வரும், ஆகவே ஒரு வீசை எண்ணெய் 1.8 லிட்டரை ஒட்டி வரும். "ஒரு வீசை 1.63 லிட்டர்" என்று கணக்குப் போட்ட கடைகளை நானே பார்த்திருக்கிறேன், தண்ணீர் விற்றால் சரியாக இருக்கும்.

அரிசி, நெல்லிலும் இதே சிக்கல்தான், இன்னும் கூட. "தின்" என்ற கூடை அடிப்படையில் முகத்தல் அளவு, அதனால் நெல்லுக்கு ஒரு தின் 46 பவுண்டு, அதாவது 20.9 கிலோ, அரிசிக்கு 75 பவுண்டு, 34 கிலோ. ஒரு தின்னுக்கு 16 பியீ, ஒரு பியீக்கு 8 நோஸிபூ, அதாவது டின்பால் டப்பா. டின்பால் டப்பாவை எல்லாம் எந்த மாநாடும் காவல் காக்காது! ஆனால் சமையலறையில் அதுதான் ராஜா, எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஆளுக்கு ஒரு டப்பா அரிசி என்றுதான் உலை வைப்பார்கள், அதை மாற்றச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை.

கடைப் பலகை, பில், பாக்கெட் சீட்டு, ஒப்பந்தம், பள்ளிக்கூடம் தாண்டிய பொதுப் பேச்சு, இதற்கெல்லாம் இரண்டாம் வழியே போதும். பையனின் அப்பாவிடம் சொல்ல வேண்டியதும் இதுதான்: லிட்டர் எஸ்ஐ அலகு இல்லை, ஆனால் எஸ்ஐ ஏற்றுக்கொண்ட மெட்ரிக் அலகு. கேள்வி "மெட்ரிக் அலகு" என்று இருந்தால் பையன் சரி, "எஸ்ஐ அலகு" என்று இருந்தால் அக்கா சரி.

மூன்றாம் வழி: மெட்ரிக் வம்சத்தில் பிறந்த எல்லாம்

மீட்டரிலிருந்தோ கிராமிலிருந்தோ பிறந்தது எதுவானாலும் மெட்ரிக் என்பது இந்தக் கட்சி. கலோரி, பார், காரட், குவிண்டால், மைக்ரான், கிலோகிராம்-விசை, டைன், எர்க், ஜப்பான் கார்ப் பட்டியலில் வரும் குதிரைத்திறன், பிரஷர் பார்க்கும் பாதரச மில்லிமீட்டர், எல்லாம் உள்ளே.

மனசுக்குத் தாராளமான வழி. ஆனால் மூன்றாவது கேள்வியில் விழுந்துவிடும். குதிரைத்திறன் என்றால் எது? மெட்ரிக் குதிரை 735.5 வாட், இங்கிலீஷ் குதிரை 745.7 வாட். ஒரே காருக்கு இரண்டு சீட்டில் இரண்டு எண் வருவது இதனால்தான், விற்கிறவர் ஏமாற்றுகிறார் என்று எப்போதும் நினைக்க வேண்டாம். இரண்டாவது கேள்வியிலும் இதே கதை: ஒரு கிலோகிராம்-விசை 9.80665 நியூட்டன், ஒரு கலோரி 4.184 ஜூல், எதைத் தொட்டாலும் எண் முளைக்கும். கலோரியை முடிந்தவரை தவிருங்கள் என்று 1948 மாநாடே கேட்டுக்கொண்டது. நம் பிஸ்கட் பாக்கெட்டுக்கு அது காதில் விழவில்லை. மைக்ரான் என்ற பெயரை 1967-இல் ரத்தே செய்தார்கள், அது மைக்ரோமீட்டர் ஆகிவிட்டது, தண்ணீர் வடிகட்டி விற்கிறவர்கள் மட்டும் விடவில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று, விருந்தாளிப் பட்டியலே மாறும். பார், பாதரச மில்லிமீட்டர், கடல் மைல் எல்லாம் கையேட்டின் முந்தைய பதிப்பில் ஒரு அட்டவணையில் இருந்தன, 2019-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் அந்த இடத்தில் இல்லை. பட்டியலை விட்டு எடுத்ததால் டாக்டர் 120/80 என்று சொல்வதை நிறுத்திவிட்டு 16/10.7 கிலோபாஸ்கல் என்று சொல்லப் போகிறாரா என்ன.

ஆனால் ஒரு இடத்தில் இந்த வழிதான் சரி: ரத்தினம். மொகோக் சிவப்புக்கல் பேசுகிறவரிடம் போய் மில்லிகிராம் என்றால் சிரிப்பார். 1907-இல் மெட்ரிக் காரட்டை 200 மில்லிகிராம் என்று பொது மாநாடே ஏற்றது. அதற்கு முன் ஊருக்கு ஒரு காரட் இருந்தது. இப்போது ஐந்து காரட் ஒரு கிராம், உலகம் முழுக்க ஒன்று. கையேட்டுப் பட்டியலில் இல்லை என்பதற்காக அதைத் தள்ளுவது வீம்பு. குவிண்டாலும் அப்படித்தான், இந்தியாவில் பயறு, நெல் விலையெல்லாம் 100 கிலோ குவிண்டாலில் பேசுகிறார்கள், அங்கே சரக்கு அனுப்புகிறவர் அந்தச் சொல்லைத் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். தெரிந்து வைத்திருங்கள், ஒப்பந்தத்தில் கிலோ எழுதுங்கள்.

நான்காம் வழி: பழைய பெயர், புது எடை

தம்பி உண்மையில் மனசில் வைத்திருந்தது இதுதான் என்று நினைக்கிறேன். வீசை என்ற பெயரை விடாமல், எடையை மட்டும் கிலோவில் ஒரு நல்ல முழு எண்ணுக்குத் தள்ளிவிடுவது.

கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் நம் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் இதைச் செய்திருக்கிறார்கள். சீனாவின் ஜின் இன்றைக்குச் சரியாக அரைக் கிலோ. பதினாறாகப் பிரிந்துகொண்டிருந்த அதை 1959-இல் பத்தாகவும் பிரித்தார்கள், ஒரு லியாங் 50 கிராம். தாய்லாந்து 1923 சட்டத்தில் ஒரு வா இரண்டு மீட்டர், ஒரு ராய் 1600 சதுர மீட்டர் என்று ஆக்கியது. தமிழ்நாட்டுக்காரர்கள் தெரியாமலே இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்: பவுன் என்பது இங்கிலாந்து சவரன் நாணயம், அதன் எடை 7.988 கிராம், நகைக்கடையில் பவுன் 8 கிராம். யாரும் சண்டை போடவில்லை.

அப்படியானால் வீசைக்கு ஏன் கூடாது? இரண்டு காரணம்.

முதலாவது, வீசை என்ற பெயருக்கு ஏற்கெனவே இரண்டு எடை இருக்கிறது. இங்கிலீஷில் எழுதும் "விஸ்" நம் தமிழ் வீசையிலிருந்து போனதுதான், பர்மியர் பெய்தா என்பார்கள். ஆனால் சென்னை வீசை 40 பலம், 120 தோலா, 1.4 கிலோ. பர்மிய வீசை 140 தோலா, 1.633 கிலோ. எங்கள் தாத்தா காலத்தில் கப்பலிலிருந்து இறங்கிய புது ஆட்கள் முதல் வாரம் வெங்காயம் வாங்கும்போது "இந்த ஊர்ல வீசை பெருசு" என்று சந்தோஷப்பட்டதாகப் பாட்டி சொல்வார், விலையைக் கேட்டதும் சந்தோஷம் போய்விடுமாம். இதில் மூன்றாவதாக ஒரு வீசையை நாமே உண்டாக்குவதா?

இரண்டாவது, நான் பட்டது. பல வருஷத்துக்கு முன் ஒரு பருப்புக் கடையில் கணக்கு எழுதினேன். சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது, "1 வீசை = 1.6 கிலோ". வாங்குவது கிலோவில், விற்பது வீசையில். 1600 கிலோ வந்து இறங்கினால் பேரேட்டில் 1000 வீசை வரவு வைப்போம். விற்று முடித்துப் பார்த்தால் 980 வீசைக்குத்தான் காசு இருக்கும். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் 20 வீசை குறையும். எலி என்றோம், சிந்துகிறது என்றோம், கடைசியில் முதலாளிக்குக் கடைப்பையன் மேல் சந்தேகம் வந்து, அவன் அழுது, அவன் அம்மா வந்து நின்று… தராசைச் சோதித்தால் தராசு சரி. தப்பு அட்டையில். 1600-ஐ 1.633-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 980தான் வரும். அந்தப் பையனிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை, நானும் கேட்கவில்லை.

33 கிராம்தானே, இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். பருப்பு மொத்த வியாபாரத்தில் இரண்டு சதவீதம் என்பது பல நாள் முழு லாபம். வீசையை ஒன்றரைக் கிலோவாக ஆக்கிவிடலாம், பேச எளிது என்று ஒரு பெரியவர் சொன்னார். அப்படிச் செய்தால் வாங்குகிறவருக்கு வீசைக்கு எட்டு சதவீதம் போய்விடும். அரிசி மூட்டையும் இதே கதை. 108 பவுண்டு மூட்டை என்பது சரியாக 30 வீசை, 48.99 கிலோ. "50 கிலோ மூட்டை" என்று வாய் தவறிச் சொன்னால் 500 மூட்டையில் அரை டன் காணாமல் போகும்.

இந்த வழி எப்போது நல்லது? அரசாங்கமே சட்டம் போட்டு, ஒரு தேதி குறித்து, எல்லாத் தராசும் படிக்கல்லும் ஒன்றாக மாறும்போது. சீனாவும் தாய்லாந்தும் அப்படித்தான் செய்தன. தனி ஆள், தனிக் கடை செய்தால் அது சீர்திருத்தம் இல்லை, எடைக்குறைவு.

மனை விஷயத்தில் தொடவே தொடாதீர்கள். ரங்கூனில் 40-க்கு 60 அடி மனை என்றால் 2400 சதுர அடி, சென்னையில் ஒரு கிரவுண்டும் அதேதான். 223 சதுர மீட்டர் என்று எழுதினால் யாருக்கும் புரியாது. பத்திரத்தில் அடிதான் இருக்கிறது, பத்திரத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும்.

ஒரு பார்வையில்

| | காவல் | நடுவில் எண் | ஒரே பொருள் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| எஸ்ஐ மட்டும் | மிக உறுதி | வராது | ஆம் | லிட்டர், மணி, டன் இல்லை | தேர்வு, ஆய்வுக்கூடம் |
| எஸ்ஐ + ஏற்றவை | உறுதி | சில இடத்தில் | டன் தவிர ஆம் | எடை, கனஅளவுக் குழப்பம் | கடை, ஒப்பந்தம், பொதுப் பேச்சு |
| மெட்ரிக் வம்சம் | சிலவற்றுக்கு மட்டும் | அடிக்கடி | பல சமயம் இல்லை | பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும் | ரத்தினம், வண்டி, மருத்துவம் |
| பழைய பெயர், புது எடை | சட்டம் வந்தால்தான் | எண்ணைப் பொறுத்து | இல்லை | இருப்புக் குறைவு, மனக்கசப்பு | அரசாங்கத்துக்கு |

தங்கம் இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். ஒரு சத்தா 16.33 கிராம், 16 பே, ஒரு பேக்கு 8 யுவே. உலகச் சந்தை டிராய் அவுன்சில், 31.1 கிராம். ஊரிலிருந்து வரும் அத்தை பவுனில் கேட்பார். மூன்றும் மெட்ரிக் இல்லை. பில்லில் கிராம் எழுதச் சொல்லி வாங்குங்கள், வாயால் எதில் பேரம் பேசினாலும் பரவாயில்லை.

தம்பிக்கு என்ன சொன்னேன் என்றால்: வீசை மெட்ரிக் இல்லை, நூறாகப் பிரிந்தாலும் இல்லை, ஏனென்றால் மீட்டர் உடன்படிக்கையின் கீழ் அதற்குக் காவல் யாருமில்லை. ஆனால் பலகையிலிருந்து தூக்கவும் வேண்டாம். இரண்டாம் வழியை எடுத்துக்கொள், கிலோவைப் பெரிய எழுத்தில் முதலில் போடு, பக்கத்தில் "1 வீசை = 1.633 கிலோ" என்று சின்னதாக எழுதி வீசை விலையையும் போடு. 10 சத்தா 163 கிராம் என்று கீழே ஒரு வரி. எண்ணெய்க்கு மட்டும் எடையா புட்டியா என்று தனியாகக் குறி. 1.6 என்று எழுதினால் நேரில் வந்து அழிப்பேன்.

போன வாரம் படம் எடுத்து அனுப்பினான். எண்ணெல்லாம் சரியாக இருக்கிறது, 1.633-ஐ அப்படியே போட்டிருக்கிறான். வீசைதான் பெரிய எழுத்தில், கிலோ சின்ன எழுத்தில். கேட்டால், "வர்றவங்க எல்லாம் வீசைதானே அண்ணே கேக்கறாங்க" என்கிறான்.